வீட்டை இழுக்க ஆள் கேட்டுப் போன வருஷம்

பிப்ரவரி 2

மறுபடி மழை. காயப் போட்ட பூண்டையெல்லாம் உள்ளே அள்ளிப் போட்டேன். மத்தியானம் மீன் சூப். பெலார்மினோ சாப்பிட்டார், தட்டை ரொட்டியால் துடைத்தார், எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் படகுத்துறைப் பக்கமிருந்து அவர் சிரிப்பு கேட்டது. தச்சர் ஒனோஃப்ரேயிடம் ஏதோ கதை அளக்கிறார் போல. அந்தக் கதையை என்னிடம் சொன்னால் என்னவாம்? என் காது என்ன பாவம் செய்தது?

பிப்ரவரி 4

சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்: "நான் எதிர்க்கரைக்குப் போறேன். வீட்டையும் எடுத்துட்டுப் போறேன்."

"ம்" என்றார்.

இந்த "ம்"முக்கு என்ன அர்த்தம்? சரியா? வேண்டாமா? கேட்கலாம் என்று திரும்பினால் நாற்காலி காலி. மாட்டுக்குப் புல் போடப் போய்விட்டார்.

பிப்ரவரி 7

எழுதினாலாவது தெளிகிறதா பார்க்கிறேன்.

வீடு என்னுடையது. கல்யாணத்துக்கு அப்பா கட்டிக் கொடுத்தது, ஒவ்வொரு பலகையும் அவர் இழைத்தது. நிலம் மாமியார் அவுரிஸ்தெலாவுடையது. குடாவுக்கு எதிர்க்கரையில் அம்மா வழியில் வந்த ஒரு துண்டு நிலம் என் பேரில் இருக்கிறது, முள்ளுச்செடி மண்டிக் கிடக்கிறது. மரவீடுதானே, நாலு ஊர் மாடும் படகும் சேர்ந்தால் கடலைத் தாண்டி இழுத்துவிடலாம். எங்கள் தீவில் எத்தனையோ வீடு அப்படிப் போயிருக்கிறது. ஆனால் புருஷனை விட்டுவிட்டு எந்த வீடும் போனதில்லை.

பெலார்மினோ மேல் என்ன குறை? கை ஓங்கினதில்லை. குடித்துவிட்டு விழுந்து கிடந்ததில்லை. விறகு குறைந்ததில்லை. சாவு வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவார். வீட்டுப் படி ஏறினால் வாய் மூடிவிடும். ஒரே நாளில் நடந்ததில்லை அது. முதலில் சொல்வது நின்றது, அப்புறம் கேட்பது நின்றது, கடைசியில் பதில் சொல்வதும் நின்றது. பத்து வருஷமாவது இருக்கும். சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டு தொங்குவேன்.

ஐம்பத்து மூன்று வயதில் இது தேவையா என்று ஊர் கேட்கும். எனக்கே தெரியவில்லை. ஆனால் இன்னொரு குளிர்காலத்தை அந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கழிக்க என்னால் முடியாது. முடியவே முடியாது.

பிப்ரவரி 10

புந்தா அரேனாஸிலிருந்து மகள் யெசேனியா போன் செய்தாள். அவள் அப்பாவுக்குத்தான் பரிந்து பேசுகிறாள்.

"அம்மா, அப்பா பாவம்மா. தலைக்கு மேல இருக்கற கூரையையே எடுத்துட்டா அவர் எங்க போவாரு?"

"அவங்க அம்மா வீடு இருக்கு."

"அறுபது வயசுல அம்மா வீட்டுக்கா?"

"நான் அம்பத்து மூணுல முள்ளுக்காட்டுக்குப் போறேன். அதை யாரும் கேக்கலையே."

போனை வைத்துவிட்டாள். பெற்ற பெண். என்னத்தைச் சொல்ல.

பிப்ரவரி 16

இன்று ஆள் கேட்கப் போனேன். ஊர் கூடிச் செய்யும் இந்த மிங்காவுக்குக் கூலி கிடையாது. வாசலில் நின்று வாயால் கேட்க வேண்டும்: "உங்க வீட்டுலேர்ந்து ஒரு ஆள் வேணும்." வந்தவர்களுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட வேண்டும். பின்னால் அவர்கள் கூப்பிடும்போது நாம் போக வேண்டும். அவ்வளவுதான்.

கீழத்தெரு முழுக்கப் போனேன். தேவாலயத்துப் பக்கம் போனேன். ரொசால்பா பாரியா தன் வீட்டில் மாத்தே இலைத் தேநீர் கொடுத்தாள். லெப்பியோ சகோதரர்கள் தங்கள் மோட்டார் லாஞ்சைத் தருவார்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்: "பாக்கலாம், எடித்தா." பார்க்கலாம் என்றால் வருவார்கள் என்றுதானே?

மேட்டில் இருக்கும் பச்சை வீட்டுக்கு மட்டும் போகவில்லை. மாமியார் வீடு. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? உங்கள் மகனை விட்டுப் போகிறேன், வந்து ஒரு கை இழுத்துவிடுங்கள் என்றா?

மார்ச் 4

ஒனோஃப்ரே வந்து வீட்டைத் தூக்கிவிட்டார். அடியில் இருந்த மரக்குற்றிகளை எடுத்து, இரண்டு நீள கோய்வே மரத்தை வண்டிச்சட்டம் மாதிரி அடியில் கொடுத்துக் கட்டிவிட்டார். கண்ணாடி ஜன்னல்களைக் கழற்றிப் போர்வை சுற்றி வைத்தோம். இனி மாட்டைப் பூட்டினால் போதும்.

ஒனோஃப்ரேக்கு வாய் சும்மா இருக்காது. "எடித்தா, புருஷனையும் சேத்துக் கட்டிடவா? கனம் ஒண்ணும் ஏறாது."

பெலார்மினோ பக்கத்திலேயே நின்று கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சிரித்தார். அவருக்குச் சிரிப்பு!

மார்ச் 7

பன்றி அடித்தாயிற்று. ரொசால்பாவும் நானும் உருளைக்கிழங்கு துருவித் துருவிக் கை புண்ணாகிவிட்டது. குடிக்க ஆப்பிள் சிச்சாக் கள் மூன்று பீப்பாய். நாளை பௌர்ணமி ஓதம், கரை வரை தண்ணீர் ஏறும். பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

மார்ச் 8

யாரும் வரவில்லை.

மார்ச் 10

இன்றைக்குத்தான் பேனா பிடிக்க முடிந்தது.

ஒனோஃப்ரே வந்தார். ரொசால்பா வந்தாள். லெப்பியோ தம்பி லாஞ்சில் எட்டிப் பார்த்து, கரையில் ஒருத்தரும் இல்லை என்று கண்டு, இன்ஜின் கோளாறு என்று ஏதோ முணுமுணுத்துத் திரும்பிவிட்டான். மாடு ஒன்றுகூட வரவில்லை. ஓதம் ஏறியது, வீட்டு வாசலுக்குக் கீழே வரை வந்து பார்த்துவிட்டு இறங்கியது. நான் இடுப்பில் சமையல் துணியைக் கட்டிக்கொண்டு அறுபது பேர் சாப்பாட்டுக்கு நடுவே நின்றேன்.

அழவில்லை. அழுதால் தேவலாம் என்றுதான் இருந்தது.

கறியை என்ன செய்வது? உப்புப் போட்டதுபோக மிச்சத்தைத் தேவாலயத்துக்கு அனுப்பினேன். ஞாயிறு பூசைக்குப் பிறகு அதை எல்லோரும் தின்றார்களாம். என் வீட்டை இழுக்க வராதவர்கள் என் பன்றியைத் தின்ன வந்தார்கள். நல்லா இருங்கடா. நல்லா இருங்க எல்லாரும்.

மார்ச் 19

ஜன்னல்களை மறுபடி மாட்டினோம். வீட்டை மறுபடி குற்றியில் இறக்க ஒனோஃப்ரே கேட்டார். வேண்டாம் என்றேன். இறக்கினால் தோற்றது நிஜமாகிவிடும்.

ஏப்ரல் 23

வீடு கடல் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. மேஜையில் வைத்த ஆப்பிள் உருண்டு போகிறது. சூப்பு தட்டில் ஒரு ஓரமாகத்தான் நிற்கிறது. கட்டிலில் படுத்தால் இரத்தம் எல்லாம் தலைக்கு வருகிற மாதிரி. பெலார்மினோ விறகுக் குவியலில் தேடினார். தன் பக்கத்துத் தட்டுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்துக்கொண்டார். மறுநாள் பார்த்தால் என் தட்டுக்கும் ஒன்று சீவி வைத்திருந்தார்.

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நன்றி என்றேன். "ம்."

போகிற வீட்டில் இவர் ஏன் இன்னும் இருக்கிறார்? அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாமே. இதையும் கேட்கவில்லை. கேட்டுப் பதில் வராமல் நிற்பது எனக்குப் பழகவே இல்லை, இத்தனை வருஷத்துக்கு அப்புறமும்.

மே 30

காற்று. படகு எதுவும் ஓடவில்லை.

ஜூன் 24

சான் ஹுவான் திருநாள். ஊர்க் கிளப்பில் சாப்பாடு. நான் போகவில்லை. ஜன்னலிலிருந்து பெலார்மினோவின் அக்கார்டியன் கேட்டது. நன்றாகத்தான் வாசிக்கிறார். அதுதான் கோபம்.

ஜூலை 12

ரொசால்பா இன்று விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். ஈரத் துணியை அடுப்புக்கு மேலே மாட்டிக்கொண்டிருந்தோம்.

"ஏன்டி, நிஜமாவே உனக்குத் தெரியாதா? பெலார்மினோவுக்காகத்தான் ஊரு வரலன்னு நினைச்சியா?"

"வேற எதுக்கு?"

"நீ மேட்டு வீட்டுக்குப் போகல. எல்லார் வீட்டுக் கதவையும் தட்டுன, அவங்க கதவ மட்டும் தாண்டிப் போன. அவங்க நிலத்துல நிக்கற வீடு. அவங்களையே கேக்காத மிங்காவுக்கு ஊரு வந்தா, நாளைக்கு அந்தம்மா மூஞ்சில எப்படி முழிக்கும்?"

"அவங்க வரமாட்டாங்கன்னு தெரிஞ்சுதானே கேக்கல?"

"வர்றது வராதது அவங்க இஷ்டம். கேக்கறது உன் கடமை. ஊரே பாத்துட்டு இருந்துச்சு, நீ அந்த மேட்டுல ஏறுவியான்னு."

கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். எத்தனை மிங்காவுக்கு எத்தனை வீட்டு ஆட்களோடு கேட்கப் போயிருக்கிறேன். விரோதி வீட்டைக்கூட விடக்கூடாது என்று குழந்தைக்கும் தெரியும். அவமானத்தில் இருந்த எனக்கு இது உறைக்கவில்லை. நான் அவர்களை அவமானப்படுத்தியதாக நினைக்கவே இல்லை. ஒதுங்கிப் போனேன், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஜூலை 14

அப்படியானால் யாரும் என்னை வெறுக்கவில்லையா? இதைக் கேட்டதும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போது அந்த மேட்டில் ஏற வேண்டுமே.

ஆகஸ்ட் 9

ஏறவில்லை. சளி. சளி என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 21

நேற்றைய புயலில் கூரையில் மர ஓடு பறந்து, சமையலறை முழுக்கத் தண்ணீர். காய்ச்சலோடு வாளி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் மழையிலேயே மேலே ஏறிப் படுதா போட்டு ஆணி அடித்தார். ஏணியில் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்கினார். வயதாகிவிட்டது அவருக்கு. சூடாக ஏதாவது குடியுங்கள் என்றேன். குடித்தார். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அப்புறம் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஒரு வார்த்தை. "எப்படி இருக்க?" என்று ஒரே ஒரு வார்த்தை வந்திருந்தால் இந்த வீடு இங்கேயே நின்றிருக்கும். நின்றிருக்குமா? தெரியவில்லை. இந்த நெற்றியில் வைத்த கைக்காக இன்னும் பத்து வருஷம் இருக்கலாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். இருந்தால் நான் கெட்டவளாகிவிடுவேன். ஏற்கெனவே ஆகிக்கொண்டுதான் இருக்கிறேன், அவர் சிரித்தாலே எரிகிறது.

ஆகஸ்ட் 22

இருக்க மாட்டேன்.

அக்டோபர் 6

மேட்டில் ஏறினேன்.

மாமியார் வாசலில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். எண்பத்து நாலு வயது. என்னைப் பார்த்தும் தீனி போடுவதை நிறுத்தவில்லை. வழக்கப்படி வாசலுக்கு வெளியிலேயே நின்றேன்.

"அத்தை, ஒரு உதவி கேட்டு வந்திருக்கேன். வீட்டை எதிர்க்கரைக்குக் கொண்டு போகணும். உங்க வீட்டுலேர்ந்து ஒரு ஆள் வேணும்."

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"தப்புதான் அத்தை."

"தப்புதான்." ஒரு கோழியைக் காலால் ஒதுக்கினார். "என் மகன் உன்னை அடிச்சானா?"

"இல்ல."

"பட்டினி போட்டானா?"

"இல்ல அத்தை. பேசல."

மிச்சத் தீனியைக் கொட்டிவிட்டுக் கையைத் தட்டினார். தன் புருஷனும் அப்படித்தான் என்று சொல்வார், என் கையைப் பிடித்துக்கொள்வார் என்று ஏனோ எதிர்பார்த்தேன். அதெல்லாம் நடக்கவில்லை.

"பேசாததுக்கா ஒரு வீட்டை இழுத்துட்டுப் போவாங்க? எங்க காலத்துல பேசுனாத்தான் பயம். உன்னை எனக்குப் புரியல எடித்தா. புரிய வேண்டிய வயசும் தாண்டிப் போச்சு. நான் வரமாட்டேன். என் நிலத்துலேர்ந்து ஒரு வீடு போறத நின்னு பாக்கமாட்டேன்."

"சரி அத்தை."

"ஆனா கேட்டுட்டே. எடித்தா வந்து கேட்டான்னு யார் கேட்டாலும் சொல்லுவேன். போ."

கீழே இறங்கினேன். ரொசால்பா வேலி ஓரமாக நின்றிருந்தாள். கீழத்தெருவில் பாதிப் பேர் ஏதோ வேலையாக வெளியே நின்றிருந்தார்கள், அந்தத் தூறலில்.

நவம்பர் 29

மறுபடி எல்லா வீட்டுக்கும் போனேன். இந்தத் தடவை "பாக்கலாம்" என்று யாரும் சொல்லவில்லை. "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்கள்.

டிசம்பர் 20

பெலார்மினோ தன் துணிகளை ஒரு சாக்கில் கட்டி மேட்டுக்குக் கொண்டு போனார். அக்கார்டியனை அப்புறம் வந்து எடுத்துப் போனார். சுவரில் அது தொங்கின இடத்தில் மட்டும் பலகை புதுசாக இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். நானே கேட்டது நடக்கிறது, பிறகு ஏன் அழுகிறேன்?

டிசம்பர் 27

நாளை ஓதம். நாளைதான் ஏமாற்றுத் திருநாளும், ஊரே ஒருத்தரை ஒருத்தர் முட்டாளாக்குகிற நாள். ஒனோஃப்ரேயிடம், "நாளைக்கு வரோம்னு சொன்னதே அதுக்குத்தானோ?" என்று கேட்டேன். "பன்னி அடிச்சிட்டியா?" என்றார். "அடிச்சாச்சு." "அப்ப ஏமாத்த மாட்டோம்."

டிசம்பர் 29

முதுகு ஒடிந்துவிட்டது, தொண்டை போய்விட்டது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

விடிந்தும் விடியாததுமாக மாடுகள் வர ஆரம்பித்தன. மேட்டிலிருந்தும் ஒரு ஜோடி இறங்கியது. மாமியார் வீட்டு மாடுகள். முன்னால் கோலை ஊன்றிக்கொண்டு பெலார்மினோ.

எல்லோரும் வழிவிட்டார்கள். எனக்கு உள்ளே ஓடிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றியது. கதவோடு சேர்த்து வீடும்தானே போகப் போகிறது, எங்கே ஓட? அவர் நேராக ஒனோஃப்ரேயிடம் போய், "என்னதை முன்னால பூட்டு. இந்த இறக்கம் என் மாட்டுக்குப் பழக்கம்" என்றார்.

அப்புறம் நடந்ததெல்லாம் சத்தம்தான். "இழு! இழுடா சிவப்பா! தம் பிடி, தம் பிடி!" அவர் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. இத்தனை வருஷமாக நான் கேட்காத அத்தனை பேச்சையும் அந்த மாடுகளிடம் பேசினார். கெஞ்சினார், திட்டினார், கொஞ்சினார். வீடு முனகியது. ஒரு அடி நகர்ந்தது. அப்புறம் மண்ணைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. தண்ணீரில் பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்டபோது ஒரு பக்கம் முங்கியது, நான் கத்தியேவிட்டேன். லெப்பியோ லாஞ்சிலிருந்து, "பயப்படாத அக்கா, உன் வீடு உன்னை விட நல்லா நீந்தும்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

எதிர்க்கரையில் மறுபடி மாடு, மறுபடி கயிறு. குற்றிமேல் உட்கார வைத்தபோது வெயில் சாய்ந்துவிட்டது.

சாப்பாடு. பெலார்மினோ ஆண்கள் வரிசையில் உட்கார்ந்தார். எல்லோருக்கும் போட்ட மாதிரி அவருக்கும் கறியும் கிழங்குத் துருவலில் சுட்ட மில்காவோ ரொட்டியும் போட்டேன். கிளம்பும்போது ஒவ்வொருவராக வந்து சொல்லிக்கொண்டார்கள். அவரும் வந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"சாப்பாடு நல்லா இருந்துச்சு, தோன்யா எடித்தா. வீடு நல்லபடியா நிக்கட்டும்."

அயல் வீட்டம்மாவுக்குப் போடுகிற மரியாதைத் 'தோன்யா'வைப் போட்டு, விருந்தாளி சொல்ல வேண்டியதைச் சொன்னார். நானும் வீட்டுக்காரி சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: "வந்ததுக்கு ரொம்ப நன்றி. நீங்க கூப்பிடறப்ப நான் வரேன்."

ஜனவரி 1

புது வருஷம். யெசேனியா போன் செய்து அழுதாள். நான் அழவில்லை. சமையலறையில் இப்போது காலை வெயில் வருகிறது. முன்னே கண்ணில் படாத தூசியெல்லாம் தெரிகிறது.

ஜனவரி 18

தனியாக இருப்பது இப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. முன்னே எதிரில் ஒருத்தர் பேசாமல் இருந்தார். இப்போது எதிரில் யாரும் இல்லை. நேற்று அடுப்பிடம் பேசிக்கொண்டிருந்தேன். தப்பு செய்துவிட்டேனோ? இந்தக் கேள்வியை எழுதவே கூடாது என்று இருந்தேன்.

பிப்ரவரி 5

முள்ளை வெட்டி முடித்துவிட்டேன். பூண்டு போட இடம் பண்ணியாயிற்று. கை முழுக்கக் கீறல்.

மார்ச் 11

மாமியார் வந்தார்! லெப்பியோவின் லாஞ்சில், கருப்புச் சால்வை போர்த்திக்கொண்டு. என் வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வாருங்கள் என்றால் கை காட்டி நிறுத்திவிட்டார்.

"நாளன்னிக்கு என் கிழங்குக் கொல்லையில அறுவடை. இந்த வீட்டுலேர்ந்து ஒரு ஆள் வேணும்."

கையில் பிடித்த துடைப்பத்தோடு அப்படியே நின்றேன்.

"என்ன முழிக்கற? என் வீட்டுலேர்ந்து ஒரு ஆளும் ஒரு ஜோடி மாடும் வந்துச்சு. ஆளுக்கு ஆள். மாட்டை விட்டுடறேன்."

"வரேன் அத்தை."

"அத்தைன்னு இன்னும் சொல்லலாமா என்னமோ" என்றார். அப்புறம்தான் உள்ளே வந்து மாத்தே குடித்தார். சுவரை எல்லாம் தட்டிப் பார்த்தார். ஒரு பலகைகூட விரியவில்லை என்று ஒப்புக்கொண்டார், வேண்டாவெறுப்பாக.

மார்ச் 13

போய்விட்டு வந்தேன். நல்ல விளைச்சல். வரிசை பிரித்தபோது என் பக்கத்துச் சால் பெலார்மினோவுக்கு வந்தது, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பாதிச் சால் வரை சும்மா தோண்டினோம். அப்புறம் அவர், மண்ணைப் பார்த்துக்கொண்டே, "அங்க காத்து எப்படி?" என்றார்.

நான் தோண்டுவதை நிறுத்திவிட்டேன். "தெற்குக் காத்துதான் ஜாஸ்தி. கதவு அடிச்சுக்குது."

"கீழ ஒரு தோல்பட்டி அடிச்சா நிக்கும்." அப்புறம், லெப்பியோவின் நாய் பாதிரியாரின் செருப்பைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறின கதையைச் சொன்னார். பாதிரியார் ஒற்றைக் காலில் நொண்டுவதை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நடித்தே காட்டினார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்களைப் பார்த்துச் சொல்கிற மாதிரியேதான் என்னையும் பார்த்துச் சொன்னார்.

திரும்பி வரும்போது லாஞ்சில் அழுதேன். லெப்பியோ பார்க்காத மாதிரி இருந்தான். அந்த மனுஷன் ஊராரோடு எப்போதும் நன்றாகத்தான் பேசுவார். நான் இப்போது ஊராரில் ஒருத்தி.

கதவுக்குத் தோல்பட்டி அடித்தேன். காற்று நின்றுவிட்டது.